எதிரிடை அனுபவத்தை ஆங்கிலமாக்கிய கதை

பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்து, அரசு சட்டக் கல்லூரியிலும் தேர்வுகளைத் தமிழிலேயே எழுதித் தேறிய நான், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு வழக்குக் கட்டைக் கையில் வாங்கினேன். மாவட்ட நீதிமன்றங்களில் பிராதும் எதிருரையும் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடப்பதால், மேல்முறையீட்டுக்கு வரும் கட்டிலுள்ள தமிழ் ஆவணங்களை யாராவது ஆங்கிலமாக்கித் தர வேண்டியிருக்கிறது. அந்த 'யாராவது' பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்தான்.

அது ஒரு புஞ்சை நிலத்தைப் பற்றிய வழக்கு. எங்கள் கட்சிக்காரர் பிரதிவாதி. இரண்டு நீதிமன்றங்களிலும் தோற்றிருந்தார். கிரயப் பத்திரத்தில், நிலத்தின்மேல் அடமானம் போன்ற பாரம் ஏதும் இல்லை என்ற பொருளில் 'எவ்வித வில்லங்கமும் இல்லை' என்று இருந்ததை, நிலத்தில் 'டிரபிள்' ஏதும் இல்லை என்று எழுதினேன். முழு உரிமைகளோடு என்று பொருள்படும் 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்' என்பது 'ஆல் ஃப்ரீடம்ஸ்' ஆயிற்று. எதிருரையின் உயிர்நாடியான 'எதிரிடை அனுபவம்' என்ற சொல்லை, அகராதியை இரண்டு முறை பார்த்துவிட்டு, 'அட்வர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதினேன். அதைப் படித்த மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, கட்சிக்காரருக்கு ஏற்பட்ட கசப்பான அனுபவத்தையா எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். உரிமையாளருக்கு எதிராக, ஒளிவுமறைவின்றி, இடைவிடாமல் 12 ஆண்டுகள் நிலத்தைத் தன் சுவாதீனத்தில் வைத்திருப்பதைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு 'அட்வர்ஸ் பொசெஷன்' என்பதே ஆங்கிலம் என்பது, தமிழில் அதே பாடத்தைப் படித்துத் தேறியிருந்த எனக்கு எழுதும்போது தோன்றவில்லை. 'ஆண்டு அனுபவித்து' என்பதற்குப் பொருத்தமாக இருந்திருக்கக்கூடிய 'என்ஜாய்' என்ற சொல்லையோ, சுற்றுலாவுக்குப் போனவர் பேச்சுப் போல இருக்கிறதே என்று நானே தவிர்த்திருந்தேன்.

எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அந்தக் கட்டை மீண்டும் ஒருமுறை வரிவரியாகப் படித்தபோதுதான், பத்திரத் தமிழும் என் தாய்மொழி இல்லை என்பது உறைத்தது. தபசில் (சொத்து விவரம்), வாய்தா, ஜப்தி ஆகியவை அரபு, பாரசீகச் சொற்களாக ஆட்சி வழியே வந்து நம் நீதிமன்றத் தமிழில் தங்கிவிட்டவை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் அந்நாட்டுச் சட்டத்தில் தங்கியதும் இதே வகைதான். ஆங்கிலச் சொல்லான 'குட்ஸ்' பக்கத்தில் ஏறத்தாழ அதே பொருளில் பிரெஞ்சு வழி வந்த 'சேட்டல்ஸ்' இன்றும் உட்கார்ந்திருப்பதற்கு அதுவே காரணம். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று அடுக்கும் பத்திர எழுத்தரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆங்கிலப் பத்திரம் அடுக்கினால் மட்டும் ஏன் மிரள வேண்டும்? 'தி செட்' என்று வருமிடமெல்லாம் நம் 'மேற்படி'தான் என்று கண்டுகொண்ட பிறகு, பழைய பத்திரங்களில் அதற்காகப் போடப்படும் ௸ என்ற குறியையே ஆங்கில வரிகளின் ஓரத்திலும் பென்சிலால் இட்டுப் படிக்கத் தொடங்கினேன்.

சட்டப் பிரிவுகளைப் படிப்பது இதைவிடக் கடினமாக இருந்தது, ஏனெனில் அங்கே என்னை ஏமாற்றியவை தெரியாத சொற்கள் அல்ல, நன்றாகத் தெரிந்த சொற்கள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு அடிப்படையான உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு 'சேவ்' என்று தொடங்குகிறது. அங்கே அதற்குக் காப்பாற்று என்பது பொருளல்ல, 'தவிர' என்பதே பொருள். அதே வாக்கியத்தில் மேல்முறையீடு 'லை' ஆகும் என்று வருகிறது. பொய்யும் இல்லை, படுக்கையும் இல்லை, மேல்முறையீட்டுக்கு இடமுண்டு என்று அர்த்தம். நான் கைக்கொண்ட முறை இது: முதலில் 'ஷல்' அல்லது 'மே' எங்கே என்று தேடி அடிக்கோடிடுவேன், பிறகு யார் செய்ய வேண்டும் என்று பார்ப்பேன், மற்ற நிபந்தனைகளை அடைப்புக்குள் தள்ளிவிட்டு, மிச்சமிருப்பதைத் தமிழில் ஒரு சிறிய வாக்கியமாக எழுதி, அதன் பிறகே அடைப்புகளை ஒவ்வொன்றாகத் திறப்பேன். 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்றால் இந்தப் பிரிவு மற்றதை மீறும், 'சப்ஜெக்ட் டு' என்றால் மற்றதற்கு அடங்கும் என்ற வேறுபாடு மனத்தில் பதிவதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று.

ஒரு பிழையை மட்டும் இன்றும் நினைத்தால் உடல் கூசுகிறது. எதிரிடை அனுபவம் 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்று கீழமை நீதிமன்றம் சொல்லியிருந்ததை 'டிஸ்ப்ரூவ்ட்' என்று மொழிபெயர்த்திருந்தேன். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது என்று மூன்றையும் தனித்தனியே வரையறுத்திருந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய சட்டமும் அவற்றை வைத்திருக்கிறது. நீதிமன்றம் எங்கள் கட்சிக்காரரிடம் ஆதாரம் போதவில்லை என்று மட்டுமே சொல்லியிருக்க, அவர் சொன்னது பொய் என்றே முடிவு செய்துவிட்டதாக அவருடைய வழக்கறிஞர் அலுவலகமே எழுதித் தரவிருந்தது. தாக்கல் செய்வதற்கு முந்தைய மாலையில் மூத்தவர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அன்று அவர் கேலி செய்யவில்லை.

எழுத்து ஒருவாறு வசப்பட்ட பிறகும் பேச்சு பின்தங்கியே நின்றது. மூத்தவர் வேறொரு நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கும்போது அவர் 'ஆன் ஹிஸ் லெக்ஸ்' என்று சொல்லிப் 'பாஸ் ஓவர்', அதாவது வழக்கைச் சற்றுப் பின்னர் எடுத்துக்கொள்ளும்படி, கேட்க வேண்டும் என்று குமாஸ்தாதான் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு வரியை வராண்டாவில் நடந்தபடியே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். நீதிபதி தலையசைத்துவிட்டு அடுத்த வழக்கை அழைத்தார், அவ்வளவுதான் நடந்தது.

இப்போது இரண்டாம் மேல்முறையீட்டுக்கான முக்கியச் சட்ட வினாக்களை நானே வரைகிறேன். 'வெதர்' என்று தொடங்கி ஒரே வாக்கியத்தில் வழக்கை அடக்குவது, வினைச்சொல்லைக் கடைசிவரை கையில் வைத்திருந்து பழகிய தமிழனுக்கு எதிர்பார்த்த அளவு கடினமாக இல்லை. 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். எங்கள் அலுவலகத் தட்டச்சர் அம்மா, என்னிடம் ஒன்றும் கேட்காமலே, விட்டுப்போனவற்றைச் சேர்த்துவிடுகிறார்.