180 ரூபாய் ஐ ஷேடோ ஸ்டிக்கும் தர்மபுரி வெயிலும்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேன்சி ஸ்டோரில் போன வாரம் ஐ ஷேடோ ஸ்டிக் ஒன்று வாங்கினேன், 180 ரூபாய். கண் இமையில் நிறம் தீட்டுகிற குச்சி அது, கிரேயான் மாதிரி இருக்கும், அடியைத் திருகினால் மேலே வரும், பிரஷ் வேண்டாம். தினமும் வேலைக்குக் கிருஷ்ணகிரி வரை பஸ்ஸில் போய் வருகிற எனக்குக் காலையில் பல நிறப் பவுடர் அடுக்கின பேலட்டைத் திறந்து உட்கார நேரமே கிடையாது, அதனால்தான் ஆசைப்பட்டேன்.

கடை அக்கா முதலில் எடுத்துக் காட்டியது வெளிர் ரோஸ். புறங்கையில் தீட்டிப் பார்த்தால் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. வெளிர் நிறங்களில் வெள்ளைக்காக டைட்டானியம் டை ஆக்சைடு நிறையச் சேர்ப்பார்கள், மாநிறத் தோலில் அது வெளுத்துத்தான் நிற்கும். நம் ஊரில் பாதிப் பேருக்கு மேல் மாநிறமும் கறுப்பும்தானே, அப்படியிருக்க முன்வரிசை முழுக்க வெளிர் நிறமாக அடுக்கி வைத்திருப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். தேடச் சொல்லி வெண்கல நிறம் வாங்கினேன். அந்தப் பழுப்பு இரும்பு ஆக்சைடால் வருவது, மினுமினுப்பு மைக்கா, அதாவது நாம் சின்ன வயதில் பொறுக்கி விளையாடிய காக்காப்பொன். கண்ணில் போட்டதும் அவ்வளவு அழகு!

ஆனால் முதல் நாள் சொதப்பிவிட்டது. இரண்டு இமையிலும் தீட்டிவிட்டு இடது கண்ணில் நிறத்தை விரலால் பரப்பி முடிப்பதற்குள் வலது கண்ணில் காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொண்டது, தேய்த்தால் உரிந்து வந்தது. இந்த ஸ்டிக்குகளில் மெழுகோடு சீக்கிரம் ஆவியாகிற ஒரு திரவமும் இருக்கும், அது போனதும் நிறம் இறுகிவிடும், அப்புறம் அசையாது. அதனால் ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்த கண். இமை முடியை ஒட்டி ஒரே ஒரு கோடு, உடனே மோதிர விரலால் மேல் நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் இடது இமையில் மட்டும் மேலே லேசாகப் பவுடர் ஒற்றிக்கொண்டு, வலதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஜன்னலோர சீட், அனல் காற்று, வேர்வை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது கண்ணில் இமை மடிகிற இடத்தில் எல்லாம் ஒரு கோடாகச் சேர்ந்திருந்தது, இடது கண் காலையில் போட்டபடியே இருக்கிறது. என் இமையில் எண்ணெய் அதிகம், உங்களுக்கும் அப்படி என்றால் பவுடரை விடாதீர்கள்.

கழுவத் தண்ணீர் போதாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மூடிய இமைமேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து துடைத்தால் முழுசாக வந்துவிடுகிறது, பிறகு முகம் கழுவினால் சரி. வாங்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள், கண்ணில் போடுகிற பொருள்.

இதைப் பார்த்துவிட்டு அத்தை பெண், "அக்கா, எனக்கும் போட்டு விடுங்க" என்று வந்து நின்றாள். ஒருவர் கண்ணில் போட்ட ஸ்டிக்கை இன்னொருவர் போட்டால் மெட்ராஸ் ஐ தொற்றலாம், அதனால் என்னுடையதைக் கொடுக்கவில்லை. மறுநாளே அதே கடையில் அதே வெண்கல நிறம் அவளுக்கு ஒன்று வாங்கி வந்தேன்.