சமையலறையும் அலமாரிகளும் ஒன்றாகப் பொருந்த: முதலில் நான்கு கோடுகள்

ஒரே நிற மைக்காவை எல்லா அறைகளிலும் ஒட்டினால் வீடு முழுக்க ஒரே கையால் செய்ததுபோல் இருக்கும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். நிறம் அத்தனையும் பொருந்தியிருந்தும் சில வீடுகளில் கண்ணுக்கு ஏதோ உறுத்தும். அளவு நாடாவைப் பிடித்தால் காரணம் தெரிந்துவிடும். சுவர் அலமாரி 2180-இல் முடியும், பக்கத்து உயர அலமாரி 2150-இல், கதவு நிலை 2100-இல். (இந்தப் பதிவில் எல்லா அளவும் மி.மீ.) இந்தச் சிறு படிகள்தான் உறுத்துகின்றன.

அதனால் பெட்டிகளை வரைவதற்கு முன் சுவரில் நான்கு படுக்கைக் கோடுகளை முடிவு செய்யுங்கள்: பெட்டிகளின் கால்களை மறைக்கும் அடிப்பட்டையின் மேல்விளிம்பு, சமையல் மேடை, சுவர் அலமாரியின் அடி, எல்லாவற்றின் உச்சி. உச்சியைக் கதவு நிலையின் உயரத்திலிருந்து எடுப்பதே நல்லது, ஏனென்றால் அதை மட்டும் பிறகு மாற்ற முடியாது. நிலை 2100 என்றால் கணக்கு இப்படி இறங்கும்: அடிப்பட்டை 100, கீழ்ப்பெட்டி 720, கல்லும் அதன் அடிப்பலகையும் 40, ஆக மேடை 860. அதற்கு மேல் 540 இடைவெளி விட்டால் 1400. அங்கிருந்து 700 உயரப் பெட்டி வைத்தால் 2100-இல் சேரும். படுக்கையறை அலமாரியும் இதே 100, 2100 கோடுகளைப் பிடிக்கட்டும். அதற்கு மேலே பரண் வேண்டுமென்றால் தனி ஷட்டராக (அலமாரிக் கதவாக) வரும்.

மேடை உயரம் சமைப்பவரின் முழங்கை உயரத்திலிருந்து 100 முதல் 150 வரை கீழே இருக்க வேண்டும். ஆளுக்கேற்ப மாற்றும்போது பெட்டியின் 720-ஐத் தொடாதீர்கள், காலின் உயரத்தை மாற்றுங்கள். பெட்டி மாறினால் டிராயர் முகப்புகளின் பங்கீடு முழுவதும் மாறிவிடும். அடுப்புக்கு மேல் வரும் புகைபோக்கிக்கு அதன் கையேடு சொல்லும் குறைந்தபட்ச இடைவெளியைக் கட்டாயம் விடுங்கள். எரிவாயு அடுப்புக்குப் பெரும்பாலும் 650 முதல் 750. அந்த இடத்துப் பெட்டி மட்டும் குட்டையாகும், உச்சிக் கோடு அசையாது.

அடுத்தது அகலம். ப்ளைவுட் பலகை 2440 × 1220. ஓரம் சீவி, ரம்பம் தின்னும் 3, 4 மி.மீ.யும் போனால் 600 அகலத்தில் இரண்டு பட்டைகள் தாராளமாகக் கிடைக்கும். பெட்டி 600 என்றால் ஷட்டர் 597. பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. இடைவெளி. அதையே 630 என்று வைத்தால் ஒரு பலகையில் ஒரு பட்டைதான் தேறும், மீதி வீண். சுவர் நீளத்தைச் சமமாகப் பங்கிடுகிறேன் என்று 630, 645 என வரைந்த திட்டங்கள் பலகையை விழுங்குவது இப்படித்தான். மரவரி மைக்கா என்றால் வரி 2440 பக்கமாக ஓடும். ஒரே வரிசையில் உள்ள மூன்று டிராயர்களையும் ஒரே பட்டையிலிருந்து மேலிருந்து கீழாக வெட்டச் சொல்லி, பின்புறம் எண் எழுத வைக்கவும். மொத்த மைக்காவும் ஒரே உற்பத்தித் தொகுதி எண்ணில் வரட்டும், இரண்டு பலகை கூடுதலாகவும் வாங்கி வையுங்கள். பிறகு வாங்கும் பலகையின் சாயல் அருகருகே வைத்தால் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு கவனித்தவர்களும் கோட்டைவிடும் இடம், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டை. இடத்தை வீணாக்குகிறது என்று அதை நீக்கச் சொல்வார்கள், ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவரை ஒட்டிய பெட்டிக்கு 30 முதல் 50 வரை பட்டை வேண்டும். சுவர் நேராக இருப்பது அரிது. பட்டையைச் சுவரின் வளைவுக்கேற்பச் சீவலாம், பெட்டியைச் சீவ முடியாது. கைப்பிடி சுவரில் இடிக்காமல் ஷட்டர் முழுதாகத் திறப்பதும் இந்தப் பட்டையால்தான். ‘ட’ வடிவ மேடையின் மூலையில் கணக்கு இன்னும் கறார். ஒரு பக்கத்து டிராயர் வெளியே வரும்போது மறுபக்கத்து ஷட்டரையும் கைப்பிடியையும் தாண்ட வேண்டும். ஷட்டர் கனம் 20, கைப்பிடி நீட்டம் 35, அசைய 10, ஆக 65. கைப்பிடியில்லாத வடிவமைப்பில் 30 போதும். மூலையருகே அவன் (oven) வந்தால் அதன் கைப்பிடியை அளந்து சேருங்கள்.

அலமாரிக்குள் டிராயர் வைக்கும்போதும் இதே சிக்கல் உண்டு. சாதாரண 110 பாகை ஹிஞ்சில் (கீலில்) திறந்த ஷட்டர், பெட்டியின் வாய்க்குள் சற்றே துருத்தி நிற்கும். உள் டிராயரைப் பெட்டியின் பக்கப் பலகையோடு ஒட்டி மாட்டினால் வெளியே வராது. ஹிஞ்ச் பக்கத்தில் ஒரு துண்டுப் பலகை வைத்துச் சேனலை (டிராயர் ஓடும் தடத்தை) உள்ளே தள்ள வேண்டும், அல்லது உள்ளே துருத்தாத 155 பாகை ஹிஞ்ச் போட வேண்டும். பக்கவாட்டுச் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 13 போகும், ஆகவே டிராயரின் வெளி அகலம் பெட்டியின் உள் அகலத்தில் 26 குறைவு. 2 மி.மீ. கூடினால் இறுகும், குறைந்தால் லொடலொடக்கும். ஹிஞ்ச் எண்ணிக்கை: 900 உயரம் வரை இரண்டு, 1600 வரை மூன்று, 2000 வரை நான்கு.

துணி அலமாரிக்கு உள்ளே 550 ஆழமாவது வேண்டும். ஹேங்கரே 450 இருக்கும், தோள்பட்டை அதற்கும் வெளியே வரும். தள்ளுகதவு என்றால் இரண்டு தடங்கள் 80 முதல் 100 வரை தின்றுவிடும், மொத்த ஆழம் 650-க்குக் குறையக் கூடாது. 18 கன ப்ளைவுட் தட்டு 900-க்கு மேல் நடுவில் தொய்யும், துகள்பலகை 600-இலேயே தொய்யும்.

ஷட்டர் வளைந்துவிட்டது என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி ஒருபக்க ஒட்டு. வெளியே 1 மி.மீ. மைக்கா ஒட்டி உட்புறம் பெயின்ட் அடித்தால், ஈரத்தை இரு முகங்களும் வெவ்வேறாக வாங்கி ஒரு பக்கம் இழுக்கும். உள்ளேயும் கிட்டத்தட்ட அதே கன மைக்கா வேண்டும். சிங்க் அடிப்பெட்டிக்கு நீர் தாங்கும் ப்ளைவுட், தரையில் அலுமினியத் தட்டு, குழாய்க்காக வெட்டிய துளைகளின் விளிம்பில் சிலிக்கோன். பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தால் அதற்கு மேல், கல்லின் அடியில் நீராவி தடுக்கும் பட்டை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடிப்பலகையின் முன்விளிம்பு ஊதிவிடும்.

மின்புள்ளிகளும் குழாய்களும் பெட்டி வரைபடத்தைப் பார்த்தே குறிக்கப்பட வேண்டும், டைல்ஸுக்கு முன். உள்ளமைந்த அவனின் சாக்கெட் அதன் பின்னால் வந்தால் அவன் உள்ளே போகாது, அவசரத்துக்கு அணைக்கவும் முடியாது. பக்கத்துப் பெட்டிக்குள் வைக்கவும். டைல்ஸும் கலவையும் சுவருக்கு 15 முதல் 25 வரை எடுத்துக்கொள்ளும் என்பதால் வெட்டுப் பட்டியலை டைல்ஸ் முடிந்த பிறகு மறுஅளவு எடுத்துத்தான் தர வேண்டும். அகலத்தைத் தரையருகே, மேடை உயரத்தில், உச்சியில் என மூன்று இடங்களில் அளந்து, குறைந்ததை எடுங்கள். தரையில் லேசர் மட்டம் வைத்து மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து, முதல் பெட்டியை அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவற்றின் காலைத் திருகி உயர்த்திக்கொள்ளலாம், தாழ்த்த வழியிருக்காது.

ஷட்டர்களைக் கடைசியாகச் சரிசெய்வது கல் இறங்கிய பிறகுதான். கல்லின் பாரத்தில் கால்கள் சற்று அமரும்போது அதற்கு முன் சீராக்கிய இடைவெளிகள் கோணிவிடும். ஹிஞ்சின் பக்க, ஆழ, உயரத் திருகுகள் மூன்றையும் அப்போது திருப்பினால் போதும்.