இரண்டாவது தடவை வரவில்லை

“இரண்டாவது தடவை வரவில்லை, மேடம்,” என்றாள் ஆய்வு மாணவி. “அப்படியானால் விட்டுவிடு,” என்றேன். பேச்சு அவ்வளவுதான். அதற்கு வேறு வேறு பதில்களை இன்றும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புற்றுநோய்க் கட்டியை அடக்கும் மரபணு என்று நாங்கள் சந்தேகப்பட்ட ஒன்று. அது இருக்கும் குரோமோசோம் துண்டு கட்டிகளில் அடிக்கடி காணாமல் போகிறது. ஆகவே மிஞ்சிய பிரதியில் பிறழ்வு இருக்க வேண்டும். இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் கட்டி வரும் என்று 1971இல் புற்றுநோய் ஆய்வாளர் நட்சன் சொன்ன இரட்டை அடிக் கணக்குதான். 48 கட்டிகளில் அந்த மரபணுவின் டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்தோம். 47இல் ஒன்றுமில்லை. ஒன்றில் மட்டும், வரைபடத்தில் சைட்டோசின் என்ற எழுத்தின் நீல முகட்டுக்கு அடியில், தைமின் என்ற எழுத்தின் சிவப்பு சின்னதாக எட்டிப் பார்த்தது.

ஃபார்மலினில் ஊறிய திசு அது. அதில் சைட்டோசின் சிதைந்து யுராசிலாகிவிடும். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் அதைத் தைமின் என்றே படிக்கும். டிஎன்ஏ கொஞ்சமாக இருந்தால் ஒரே மூலக்கூறின் பழுதுகூடப் பெரிதாகத் தெரியும். திரும்பச் செய்தபோது வரவில்லை என்றால் வேறென்ன நினைப்பது? நான் செய்தது சரிதான்.

சரிதானா? உயிருள்ள கட்டியிலும் சைட்டோசின் தைமினாவதுதான் மிகச் சாதாரணமான மாற்றம். கட்டியோடு நல்ல செல்கள் கலந்திருந்தால் உண்மையான பிறழ்வும் குட்டையாகத்தான் நிற்கும். அத்தனை குறைவான டிஎன்ஏவில், இரண்டாவது தடவை பிறழ்ந்த பிரதி குழாய்க்குள் வராமலே போயிருக்கலாம்.

இவையெல்லாம் அன்றும் எனக்குத் தெரியும். உறுத்துவது வேறு. மற்ற 47ஐ ஒரே ஒரு தடவைதான் படித்தோம். பிறழ்ந்த பிரதி 15–20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், நாங்கள் படித்த சாங்கர் முறையில் பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனாலும் அவற்றில் ஒன்றைக்கூட “இன்னொரு தடவை செய்” என்று நான் சொல்லவில்லை. வந்ததிடம்தான் சாட்சி கேட்டேன்.

“இன்னும் ஒரு தடவைக்கு டிஎன்ஏ இருக்கிறது,” என்றும் அவள் சொன்னாள். அடுத்த மரபணுவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதுவும் நியாயமான பதில்தான். அந்தத் திசு இனிக் கிடைக்காது.

ஆய்வேட்டின் வரைவில் அந்த மாதிரிக்கு எதிரே “ஒருமுறை தென்பட்டது; உறுதிப்படவில்லை” என்று எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு “பிறழ்வு இல்லை” என்று திருத்தினேன். அட்டவணை ஒரே சீராக இருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை.