இன்ஜெக்ஷன் லாக்கிங் சிமுலேஷன்: முதலில் டைம்ஸ்டெப்பைச் சரிபாருங்கள்

ஓர் ஆசிலேட்டருக்குள் வெளியிலிருந்து ஒரு சிக்னலைச் செலுத்தினால், அது தன் அதிர்வெண்ணை விட்டு அந்தச் சிக்னலின் அதிர்வெண்ணிலேயே ஓடத் தொடங்கும். இதுதான் இன்ஜெக்ஷன் லாக்கிங். இது நடக்கும் அதிர்வெண் வரம்பான லாக் ரேஞ்ச் மிகச் சிறியது. டைம்ஸ்டெப், அதாவது சிமுலேட்டர் கணக்கிடும் நேர இடைவெளி, பெரிதாக இருப்பதால் வரும் பிழை அதைவிடப் பெரிதாக இருந்தால், வரும் விடைக்கு மதிப்பே கிடையாது. எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் இதை ஓட்டிப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட சர்க்யூட் இது: 10 மைக்ரோஹென்றி காயில், 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், 1 கிலோஓம் ரெசிஸ்டர், மூன்றும் பேரலலில். இந்த இணைப்பைத்தான் டேங்க் என்கிறோம். ஒத்ததிர்வு 1.5915 மெகாஹெர்ட்ஸ், கியூ (தரக்காரணி) 10. இழப்பை ஈடுகட்ட ஒரு பிஹேவியரல் கரண்ட் சோர்ஸ், அதாவது ஃபார்முலாவால் கரண்ட்டை வரையறுக்கும் சோர்ஸ்: டேங்க் வோல்டேஜை 5-ஆல் பெருக்கி, அதற்கு டான்ஹெச் (tanh) எடுத்து, 1 மில்லிஆம்பியரால் பெருக்கி, டேங்குக்குள்ளேயே செலுத்த வேண்டும். டிசி தீர்வு பூஜ்யத்தில் போய் உட்காரும். அதனால் ஆரம்ப வோல்டேஜாக 0.1 வோல்ட் கொடுத்துக் கிளப்பிவிட வேண்டும். நிலைபெற்றதும் கரண்ட் கிட்டத்தட்ட சதுர அலைதான். அதன் அடிப்படைக் கூறு 1.27 மில்லிஆம்பியர், வெளியீட்டின் உச்சம் 1.27 வோல்ட்.

வெளிச் சிக்னலை 0.127 மில்லிஆம்பியர் சைன் கரண்ட் சோர்ஸாகச் சேர்க்கவும். வோல்டேஜ் சோர்ஸை நேரடியாக டேங்கின் குறுக்கே போட்டால், டேங்க் அந்த வோல்டேஜுக்கே கட்டுப்பட்டுவிடும். லாக் ஆக அங்கே ஆசிலேட்டரே இருக்காது. 1946-ல் ஆட்லர் தந்த சமன்பாட்டின்படி லாக் ரேஞ்ச் இருபுறமும் சுமார் 8 கிலோஹெர்ட்ஸ், அதாவது அரை சதவீதம்.

இப்போது டைம்ஸ்டெப். சிமுலேட்டரின் கணக்கீட்டு முறைகளில் ஒன்றான டிரப்பிசாய்டல் முறை டேங்கின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். கோண அதிர்வெண்ணை ஸ்டெப்பால் பெருக்கி, வர்க்கப்படுத்தி, 12-ஆல் வகுத்தால் எந்த விகிதத்தில் குறைகிறது என்று தெரியும். ஒரு சுற்றுக்கு 20 புள்ளி என்றால் 13 கிலோஹெர்ட்ஸ் இறங்கிவிடும். வெளி சோர்ஸோ நேரத்தை வைத்து நேரடியாகக் கணக்கிடப்படுவதால் துளியும் நகராது. விளைவு, நடுமையத்தில் லாக் ஆக வேண்டிய சிக்னல் லாக்கே ஆகாது. மேக்ஸிமம் டைம்ஸ்டெப்பை 3 நானோசெகண்டாக வைத்தால் பிழை 0.12 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கும். இன்னொரு கணக்கீட்டு முறையான கியர் முறையில் இதே பிழை நான்கு மடங்கு. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு நகர்வு உண்டு. சதுர அலையின் ஹார்மோனிக்குகள் அதிர்வெண்ணை 2 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே இழுக்கும். இது பிழை அல்ல, உண்மையான சர்க்யூட்டிலும் நடப்பது. ஆகவே இன்ஜெக்ஷனைப் பூஜ்யமாக்கி ஒருமுறை ஓட்டி, சிமுலேட்டர் தரும் தனி அதிர்வெண்ணை அளந்து, வெளிச் சிக்னலின் விலகலை அங்கிருந்து எண்ணுங்கள். ஃபார்முலா தரும் 1.5915-லிருந்து எண்ணினால் லாக் ரேஞ்ச் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 10 என்று கோணலாகத் தெரியும்.

லாக் ஆனதா என்று அலைவடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியீட்டை இன்ஜெக்ஷன் அதிர்வெண்ணின் சைனாலும் கொசைனாலும் தனித்தனியே பெருக்கி, இரண்டையும் 1 கிலோஓம், 10 நானோஃபாரட் ஃபில்டர் வழியே அனுப்பி, அந்த இரண்டிலிருந்து ஃபேஸ் கோணத்தை வரையுங்கள். கோடு கிடையாக நின்றால் லாக்.

ஆனால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது முக்கியம். 8.2 கிலோஹெர்ட்ஸ் விலகலில் லாக் இல்லை. ஃபேஸ் 90 டிகிரியை ஒட்டி வெகுநேரம் ஊர்ந்துவிட்டு, சட்டென்று ஒரு முழுச் சுற்று வழுக்கும். இது சுமார் அரை மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். 200 மைக்ரோசெகண்டில் நிறுத்திவிட்டால் லாக் ஆனதுபோலவே தோன்றும். எல்லையோரப் புள்ளிகளுக்குக் குறைந்தது 3 மில்லிசெகண்ட் ஓட்டுங்கள். ஸ்பெக்ட்ரமும் பார்ப்பதாக இருந்தால் சேமிக்கும் அலைவடிவத்தைச் சுருக்கும் டேட்டா கம்ப்ரெஷனை அணைத்துவிடுங்கள்.