தேசி இலையில் வெள்ளிக்கோடு: யோகட் கப்பில் அந்து வளர்த்துப் பார்த்த பதிவு

ஐப்பசி மழை இரண்டு மூன்று விழுந்ததும் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மணல் வளவுகளில் தேசி மரம் துளிர் விடும். கொஞ்ச நாளில் அந்தத் துளிரில் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடும், இலை சுருளும். சுருட்டை என்று மருந்துக்கடைக்கு ஓடுமுன் இலையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அழுக்கணவன் பூச்சி சாறு குடித்துச் சுருண்ட இலையில் பசையும் எறும்பும் இருக்கும், கோடு இருக்காது. கோடு இருந்து, அதன் நடுவில் நூல்போலக் கபில நிறத்தில் எச்சமும் தெரிந்தால் உள்ளே புழு ஓடியிருக்கிறது.

சந்தேகம் பைலோக்னிஸ்டிஸ் சிற்ரெல்லா மீது. 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்ரெயின்ரன் பெயரிட்ட அந்து. சிறகை விரித்தாலும் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்தான். இதை மின்விளக்கில் பிடித்து உறுதிசெய்யப் பார்ப்பது வீண்வேலை. அந்த அளவில் வெளிறிய அந்துகள் பல உண்டு, விரல் பட்டாலே சிறகுச் செதில் கொட்டிவிடும், எந்த மரத்தில் வளர்ந்தது என்பதும் தெரியாது. இலையோடு வளர்த்தெடுப்பதுதான் வழி.

முதல் தடவை பறித்தது புதுச் சுரங்கம் (புழு உள்ளே குடைந்து போன அந்த வெள்ளிக்கோடு) உள்ள எட்டுப் பிஞ்சு இலை. ஒன்றும் தேறவில்லை. இந்தப் புழுவுக்குக் கால் கிடையாது. முட்டையிட்ட இலைக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். இலைத் தோலுக்குக் கீழுள்ள கலங்களைக் கீறிச் சாறு குடிப்பதால், பறித்த இலை வாடினால் அதற்கும் சாப்பாடு முடிந்தது. வாடாமலிருக்கத் தண்ணீர் கூட்டிய கப்புகளில் பூசணம் பிடித்தது.

இரண்டாம் தடவை பறித்தது ஓரம் மடிந்த இலைகளை மட்டும். புழு நான்கு பருவம் கடக்கும். கடைசிப் பருவத்தில் தின்னாது. சுரங்கத்தை இலையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து பட்டிழை இழுத்து, அந்த ஓரத்தை மடித்து உள்ளே கூட்டுப்புழுவாகும். அந்த மடிப்பு வந்துவிட்டால் இலை கொஞ்சம் வாடினாலும் பாதகமில்லை. மடிப்பைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். பிரித்தால் கூட்டுப்புழு காய்ந்துபோகும்.

கழுவிக் காயவைத்த யோகட் கப், அடியில் நாலாக மடித்த ரிசூ, அதில் மூன்று சொட்டுத் தண்ணீர். இலையைக் காம்போடு வைத்து, வாயை மெல்லிய சீலையால் மூடி ரப்பர் வளையம். நுளம்புவலைத் துணி வேண்டாம், அதன் கண்ணுக்குள்ளால் பூச்சி போய்விடும். கப்பின் உட்சுவரில் நீர் பூத்தால் ஈரம் கூடிவிட்டது. ஒரு மணித்தியாலம் திறந்து, காய்ந்த ரிசூ மாற்ற வேண்டும். ஒரு கப்புக்கு ஓர் இலைதான்: இரண்டு வைத்தால் எதிலிருந்து எது வந்தது என்று பிறகு சொல்ல முடியாது. தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் மத்தியானச் சூட்டில் அவிந்துவிடும்; சீமெந்துத் தரையின் மூலை நல்லது.

நமது வெப்பத்தில் முட்டையிலிருந்து அந்து வர ஏறக்குறைய இரண்டு கிழமை. மடிந்த இலை என்றால் ஒரு கிழமை காத்தால் பெரும்பாலும் போதும். விடியும் வேளையில் அந்து வெளிவருவதால் காலை ஆறு மணிக்கே பார்த்துவிடுவது நல்லது. பூச்சிக்குச் சில நாள்தான் ஆயுள்.

வெளிவந்தால் கப்போடு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஐந்து நிமிடம். பூச்சி மந்தமானதும் அடிமட்டம் பக்கத்தில் வைத்து, போனில் கிளிப் லென்ஸ் போட்டுப் படமெடுக்கலாம். பார்க்க வேண்டியவை: வெள்ளி மினுக்கமுள்ள முன்சிறகு, அதில் கபிலக் கோடுகள், நுனியில் தெளிவான ஒரு கறுப்புப் புள்ளி. பின்சிறகு ஈர்க்குத் துண்டுபோல ஒடுங்கி, நீண்ட மயிர் விளிம்போடு இருக்கும். அமரும்போது உடல் தளத்துக்குச் சமாந்தரமாகப் படியும். தேசி, பாம்புச் சுரங்கம், ஓர மடிப்பு, நுனிப் புள்ளி நாலும் பொருந்தினால் வளவுத் தேவைக்கு அது போதும். அறிவியல் முறையில் கறாராகச் சொல்ல வேண்டுமென்றால் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது வீட்டு மேசை வேலை இல்லை.

சில கப்பில் அந்துக்குப் பதில் உலோகப் பளபளப்புள்ள ஓரிரு மில்லிமீற்றர் குளவி வரும். புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி அது. மடிப்பைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம்: அந்து வந்திருந்தால் வெறும் கூட்டுத்தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்; குளவி வந்திருந்தால் சின்ன வட்டத் துளை மட்டும். குளவி நிறைய வருகிற வளவில் கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான்.

இதே கப் முறையை மரமுந்திரிகை இலைக்கும் செய்து பார்த்தபோது சரிவரவில்லை. அங்கே சுரங்கம் கோடாக ஓடாது, கொப்புளம்போல அகலமாக வீங்கும். அது அக்ரோசெர்கொப்ஸ் என்ற பேரினத்து அந்தின் வேலை. முற்றிய புழு செந்நிறமாகி இலையைவிட்டு இறங்கி மண்ணில் கூடு கட்டும். ரிசூவில் அது அலைந்து அலைந்தே செத்தது. அடுத்த சுற்றில் ரிசூவுக்குப் பதில் அரித்த ஈரமணல் மூன்று சென்றிமீற்றர்.