கேன்சரைப் பட்டினி போடும் ஊசியும் சித்தப்பாவின் கடைவாய்ப் பல்லும்

மாம்பலத்தில் சித்தப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதுதான்: "ரத்தத்தை நிறுத்தி கேன்சரைப் பட்டினி போட்டுக் கொல்ற ஊசியாமே, அப்புறம் எதுக்கு கீமோ?"

நியாயமான கேள்வி. அவருக்குப் பெருங்குடலில் ஆரம்பித்துக் கல்லீரலுக்கும் பரவிவிட்டது, கீமோவோடு பெவாசிசுமாப் என்கிற அந்த ஊசியும் ஏறுகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர கட்டிக்கு சொந்த ரத்த சப்ளை வேண்டும், அதைத் தடுத்தால் வளர்ச்சியும் நிற்கும் என்று ஜூடா ஃபோக்மேன் என்ற அமெரிக்க சர்ஜன் 1971-லேயே எழுதினார். கட்டி விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து, மெட்ரோ வாட்டர் பைப்பில் திருட்டு கனெக்‌ஷன் எடுக்கிற மாதிரி, பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து தன் பக்கம் கிளை இழுத்துக்கொள்கிறது. இந்த மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது.

ஆனால் அப்படி இழுத்த குழாய்கள் கோணல்மாணலாக, ஒழுகிக்கொண்டே இருப்பதால் கீமோவும் கட்டிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. இந்த மருந்து கொஞ்ச காலத்துக்கு அவற்றைச் சீராக்குவதால்தான் கீமோ உள்ளே போகிறது என்கிறார் ஆராய்ச்சியாளர் ராகேஷ் ஜெயின் (நம் கான்பூர் ஐஐடியில் படித்து ஹார்வர்டுக்குப் போனவர்). எனக்கு இந்த விளக்கம்தான் பட்டினிக் கதையைவிட சரியாகப் படுகிறது. 2004-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி வாங்கித்தந்த ஆய்வில், கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 15.6 மாதத்தைத் தாண்டினார்கள், இதையும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 20.3 மாதத்தை. அவ்வளவுதான், ஆனால் அது சும்மா இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு 2008-ல் கொடுத்த அனுமதியை ஆயுள் கூடவில்லை என்று 2011-ல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இதை சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் செத்துவிடும் என்கிற வாட்ஸ்அப் ஃபார்வர்டோடு குழப்பி, ஏற்கெனவே எடை குறைந்துபோன மனுஷனுக்கு சர்க்கரை போடாத காபியை நீட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. பிபி எகிறலாம், அதனால் சித்தி தினமும் மெஷினை மாட்டிப் பார்த்து டைரியில் எழுதுகிறாள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, காயம் சீக்கிரம் ஆறாது. போன வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க தெருமுனை கிளினிக்கில் உட்கார்ந்துவிட்டார், சித்தி ஊசி விஷயத்தைச் சொன்னதும் பல் டாக்டர் கொறடைக் கீழே வைத்துவிட்டு, கேன்சர் டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கே குறைந்தது 28 நாள் இந்த மருந்தை நிறுத்தி வைப்பார்கள். பல்லுக்கு எத்தனை நாள் என்று கேன்சர் டாக்டர் சொல்லும் வரை பாராசிட்டமால்தான்.