பைன் காட்டுக்குள் விண்வெளி

நியூயார்க் பென் ஸ்டேஷனில் ரயில் ஏறி ரான்கன்கோமாவில் இறங்கினேன். தோழி காரோடு காத்திருந்தாள். அங்கிருந்து அப்டன் வரை மணல் தரையும் பைன் மரங்களும்தான். முதல் உலகப்போரில் ராணுவ முகாமாக இருந்த இடத்தில், 1947-இல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம் வந்தது. நாசாவின் விண்வெளிக் கதிர்வீச்சு ஆய்வுக்கூடம் 2003 முதல் அதற்குள் இயங்குகிறது.

தோழிக்கு அன்று மதியம் 'பீம் டைம்', அதாவது துகள் கற்றையைச் சோதனைக்குப் பயன்படுத்த ஒதுக்கிய நேரம். முன்அனுமதி வாங்கி என்னையும் உடன் அழைத்திருந்தாள்.

பூமியில் நம்மைக் காந்தப்புலமும் காற்றும் காக்கின்றன. செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு அந்தக் கூரை கிடையாது. நாசாவின் செவ்வாய் ஊர்தி கியூரியாசிட்டி போகும் வழியில் அளந்ததை வைத்துக் கணக்கிட்டால், போக வர மட்டுமே சுமார் 660 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). விண்வெளியிலிருந்து அதிவேகமாகப் பாயும் துகள்களான அண்டக் கதிர்களில் பெரும்பகுதி புரோட்டான்கள். இரும்பு போன்ற கன அணுக்கருக்கள் ஒரு சதவீதம்தான். ஆனால் அந்த ஒன்றுதான் பயமுறுத்துகிறது. இரும்பின் மின்னூட்டம் 26. அதே வேகத்தில் போகும் புரோட்டானைவிட 676 (26 × 26) மடங்கு ஆற்றலைப் போகிற வழியில் இறக்கிவிடும்.

இந்தக் கதிர்கள் கண்ணைத் துளைப்பதால், விண்வெளியில் கண்ணை மூடினாலும் ஒளிப்பொறிகள் தெரியும் என்று இயற்பியலாளர் கார்னீலியஸ் டோபியாஸ் 1952-லேயே சொன்னார். அப்போலோ வீரர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு பெர்க்லியில் துகள் முடுக்கியின் கற்றைக்கு முன்னால் தன் தலையையே வைத்துப் பார்த்தவர் டோபியாஸ். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

சோதனை அறைக்குத் தடித்த கான்கிரீட் சுவர்கள். இளஞ்சிவப்புத் திரவம் நிரம்பிய சிறு குடுவைகளைத் தோழி மேசையில் நிமிர்த்தி வைத்தாள். உள்ளே மனித செல்கள். ஒவ்வொரு மூடியையும் இன்னொரு முறை திருகிப் பார்த்தாள். லேசர் கோடு குடுவைகளின் நடுவில் விழும்வரை மேசையை நகர்த்தினார்கள். அப்புறம் எல்லோரும் வெளியேறினோம், கதவு மூடியது.

பூஸ்டர் சின்க்ரோட்ரான் என்ற வட்ட முடுக்கி இரும்பு அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) ஒளிவேகத்தை நெருங்கும்வரை விரட்டி இங்கே அனுப்புகிறது. கற்றை தொடர்ச்சியாக வருவதில்லை, விட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் திரையில் எண் ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

முன்பெல்லாம் ஒரு நேரத்தில் ஒரு வகை அயனிதான். இப்போது வெவ்வேறு அயனிகள், ஆற்றல்கள் என 33 கற்றைகளை அடுத்தடுத்து மாற்றி, அண்டக் கதிர்க் கலவையையே உண்டாக்குகிறார்கள்.

"அப்போ விண்வெளி அப்படியே வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லடி. அங்கே எல்லாப் பக்கமிருந்தும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா வரும். இங்கே ஒரே பக்கமிருந்து, சீக்கிரத்தில். அதனால்தான் சில சோதனைகளில் மொத்த அளவையும் பிரிச்சு, வாரக்கணக்கில் கொடுக்கிறாங்க."

கதவு திறந்ததும் கதிர்வீச்சு அளவு பார்த்த பிறகே குடுவைகளை எடுத்தாள். திரவம் அதே இளஞ்சிவப்பு. உள்ளே எத்தனை இடத்தில் டிஎன்ஏ அறுந்திருக்கிறது என்று இனிமேல்தான் எண்ண வேண்டும். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் இன்குபேட்டரை நோக்கி நடந்தாள். நான் முன்னால் ஓடிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.